கொரோனா துளையின் விளிம்பில் அலை என்ன செய்கிறது: புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் வானியல் ஆர்வத்துடன் புதிதாக வருகிற மாணவர்கள் என்னிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, தொலைநோக்கி எதுவும் கையில் இல்லாமல், வீட்டு மேசையில் இருந்தபடியே உண்மையான அறிவியல் வேலை ஒன்றைச் செய்து பழக முடியுமா என்பதாகும். முடியும் என்பதற்கு நான் காட்டுகிற முதல் எடுத்துக்காட்டு, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் எழுகிற பேரலைகள் கொரோனா துளைகளைச் சந்திக்கும் நிகழ்வு. தேவையான படங்கள் அனைத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓரளவு நல்ல மடிக்கணினி, பைத்தான் மொழியில் அடிப்படைப் பழக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை ஆகியவை போதும். ஆனால் இந்த வேலையில் கண் ஏமாறுவது மிக எளிது. ஆகவே, துளையில் மோதிய அலை திரும்பி வந்தது என்று எழுதுவதற்கு முன் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதற்கே இக்கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எது அலை, எது துளை

சூரியனில் பெரும் வெடிப்பு ஒன்று நிகழ்ந்து, நூறு கோடி டன் அளவிலான பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) விண்வெளிக்கு வீசியெறியப்படும்போது, அந்த வீச்சு மேல்நோக்கிச் செல்வதோடு பக்கவாட்டிலும் விரிந்து, சுற்றியுள்ள கொரோனாவை இடித்து அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஒளிரும் வளையமாகச் சூரிய வட்டின் மேல் பரவுவதைத்தான் கொரோனா அலை என்கிறோம். 1960-ல் கெயில் மோர்ட்டன் கொரோனாவுக்குக் கீழே உள்ள நிறமண்டலத்தில் நொடிக்கு ஏறக்குறைய 1,000 கி.மீ. வேகத்தில் ஓடும் அலைகளைப் பதிவு செய்தார். அவை மேலே கொரோனாவில் ஓடும் ஒரு காந்த அலையின் கீழ்விளிம்புத் தடமே என்று 1968-ல் யுச்சிடா விளக்கினார். கொரோனாவிலேயே அலையைத் தெளிவாகக் கண்டது சோஹோ விண்கலம். 1997 மே 12 அன்று அது படம்பிடித்த அலை நொடிக்கு ஏறக்குறைய 245 கி.மீ. வேகத்தில் விரிந்தது.

கொரோனா துளை என்பது பெயருக்கு ஏற்ற ஓட்டை அன்று. சூரியக் காந்தப்புலக் கோடுகள் மற்ற இடங்களில் வளைந்து மீண்டும் சூரியனுக்கே திரும்புகின்றன. துளைப் பகுதியில் அவை விண்வெளியை நோக்கித் திறந்திருக்கின்றன. திறந்த வழியே பிளாஸ்மா வேகமான சூரியக் காற்றாக வெளியேறிவிடுவதால் அங்கே அடர்த்தி குறைந்து, புற ஊதாப் படங்களில் அந்தப் பகுதி கரிய திட்டாகத் தெரிகிறது.

வேகம் எங்கே மாறுகிறது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிறகு வரும் எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. கொரோனா அலையின் வேகத்தை இரண்டு வேகங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒன்று, வெப்பநிலையைப் பொறுத்த ஒலி வேகம். மற்றொன்று, காந்தப்புலத்தையும் அடர்த்தியையும் பொறுத்த ஆல்ஃபென் வேகம். புலத்துக்குச் செங்குத்தாக ஓடும் விரைவுக் காந்த-ஒலி அலைக்கு இவ்விரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் போதும். ஆல்ஃபென் வேகத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு: காஸ் அலகில் காந்தப்புலத்தை 21,80,000-ஆல் பெருக்கி, ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், விடை நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்.

அமைதியான கொரோனாவில் புலம் 2 காஸ், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 30 கோடி எலக்ட்ரான் என்று வைத்துக்கொண்டால், ஆல்ஃபென் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 250 கி.மீ.; வெப்பநிலை 15 லட்சம் கெல்வின் என்றால் ஒலி வேகம் ஏறக்குறைய 200 கி.மீ.; இரண்டும் சேர்ந்து அலை வேகம் 320 கி.மீ. ஆகிறது. துளைக்குள் புலம் 5 காஸ், அடர்த்தி 10 கோடி என்று வைத்தால், ஆல்ஃபென் வேகம் மட்டுமே 1,090 கி.மீ.; அங்கே ஒலி வேகம் சேர்ந்தாலும் பெரிய மாற்றம் இல்லை. இவை மாதிரிக்கு எடுத்த எண்களே என்றாலும், துளைக்குள் அலை மூன்று மடங்குக்கு மேல் விரைகிறது என்ற உண்மை இவற்றிலிருந்து புலப்படும்.

மெரினாவில் நின்று அலைகளைப் பார்த்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கடலலை எந்தத் திசையிலிருந்து வந்தாலும், கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைவதால் வேகம் குறைந்து, கரைக்கு ஏறக்குறைய இணையாகத் திரும்பிக்கொள்கிறது. கொரோனா துளையில் நடப்பது இதற்கு நேர் எதிரானது: விளிம்பைத் தாண்டினால் வேகம் கூடுகிறது, அலைமுகம் விளிம்பிலிருந்து விலகி வளைகிறது. காசிமேட்டுத் துறைமுகத்தின் அலைத்தடுப்புக் கற்களைத் துளைக்கு உவமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அதையும் நான் ஏற்பதில்லை. கல் அலையைத் தடுக்கிற திடப்பொருள். துளையோ அலைக்கு அகலத் திறந்த விரைவுப் பாதை. வேக மாற்றம் திடீரென்று நிகழ்வதால்தான், தடையே இல்லாத அந்த இடத்திலும் அலையின் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. நீரிலிருந்து காற்றை நோக்கிப் போகும் ஒளியே பொருத்தமான உவமை. பள்ளியில் படித்த ஸ்னெல் விதியும் மாறுநிலைக் கோணமும் இங்கே அப்படியே உதவும்: 320-ஐ 1,090-ஆல் வகுத்துக் கிடைக்கும் சைன் மதிப்புக்கு உரிய கோணம் ஏறக்குறைய 17 பாகை. அதாவது, விளிம்புக்கு வரைந்த செங்குத்துக்கோட்டிலிருந்து 17 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் அலை, கொள்கையளவில், உள்ளே நுழையாமல் முழுவதும் திரும்பிவிட வேண்டும். உண்மையான விளிம்பு கண்ணாடிப் பரப்பைப் போலக் கூர்மையாக இல்லாமல் படிப்படியாக மாறுவதால் நடைமுறை இவ்வளவு கறாராக இருக்காது. ஆயினும், துளையை நேராகத் தாக்கும் அலையில்தான் ஊடுருவலைத் தேட வேண்டும், சாய்வாகத் தாக்கும் அலையில் பிரதிபலிப்பைத் தேட வேண்டும் என்ற நடைமுறை விதியை இது நமக்குத் தருகிறது.

நிகழ்வைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முதலாகச் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 2011 பிப்ரவரி 15 நிகழ்வு. அன்று 11158 என்ற எண்ணுடைய கரும்புள்ளித் தொகுதியில் எக்ஸ் 2.2 வகை, அதாவது மிக வலுவான வகை, வெடிப்பு நிகழ்ந்தது. சூரியனை இடைவிடாமல் படம்பிடிக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் பூமியின் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாசாவின் இரட்டைச் சூரிய ஆய்வுக் கலங்களான ஸ்டீரியோ அதே மாதம் 6-ஆம் நாள்தான் சூரியனின் இரு எதிர்ப்புறங்களை அடைந்திருந்தன. ஆகவே முழுச் சூரியக் கோளத்தின் மேலும் ஓர் அலையைத் தொடர்ந்து பார்க்கும் அரிய வாய்ப்பு அன்று அமைந்தது. அந்த அலையின் ஒரு பகுதி கொரோனா துளையை ஊடுருவி மறுபுறம் வந்ததையும், விளிம்பிலிருந்து இரண்டாம் அலை கிளம்பியதையும் ஓல்மெடோ குழுவினர் 2012-ல் வெளியிட்டனர். துளையின் விளிம்பில் இருந்த வளையத் தொகுதி (காந்தக் கோடுகளின் வழியே வளைந்து ஒளிரும் பிளாஸ்மா) ஒன்று, அலை மோதியதும் ஊஞ்சலைப் போல ஆடத் தொடங்கியதையும் அவர்கள் கண்டார்கள். பிரதிபலிப்பாகத் தோன்றிய அலைக்கு அந்த ஆட்டமே தூண்டுதல் என்பது அவர்களது விளக்கம். அதனால் விளிம்பை வெறும் கோடாக மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

பழகிய பிறகு 2017 செப்டம்பர் 10-ஆம் நாளின் எக்ஸ் 8.2 நிகழ்வை எடுக்கலாம். நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரைந்த அந்த அலை சூரியன் முழுவதையும் கடந்து, இரு துருவத் துளைகளையும் ஊடுருவியது. ஆனால் வெடிப்பு வட்டின் மேற்கு விளிம்பில் நிகழ்ந்ததால், தொலைவுகளை அளப்பது புதியவர்களுக்குக் கடினமாக இருக்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். தரவுகள் அனைத்தும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 2011 வெடிப்பின் உச்சம் 01:56 என்றால் நமக்குக் காலை 7:26. 2017 வெடிப்பின் உச்சம் 16:06 என்றால் நமக்கு இரவு 9:36. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் 1802-ல் மதராஸ் நேரத்தை வகுத்த ஊரில் இருந்துகொண்டு நாம் நேரத்தில் தவறக் கூடாது. குறிப்பேட்டில் இரண்டு நேரங்களையும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதுங்கள்.

தரவை இறக்குதல்

எஸ்.டி.ஓ.வின் ஏ.ஐ.ஏ. கருவி 12 நொடிக்கு ஒரு படம் எடுக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஓர் அலைநீளத்தில் மட்டும் 300 படங்கள், அதாவது சில ஜிபி. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்கள் 24 நொடி இடைவெளியில் எடுத்தாலும் போதும். இந்த இடைவெளியின் அருமை பழைய கருவியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். சோஹோ ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தது, 320 கி.மீ. வேக அலை அதற்குள் 2,30,000 கி.மீ. ஓடிவிடும், இது சூரிய ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏ.ஐ.ஏ.வின் இரண்டு படங்களுக்கு நடுவில் அதே அலை 3,840 கி.மீ.தான், அதாவது ஒன்பது படப்புள்ளிகள்தான், நகர்கிறது.

171, 193, 211 ஆங்ஸ்ட்ராம் ஆகிய மூன்று அலைநீளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 193-ல் துளை மிகத் தெளிவாகத் தெரியும். அலை செல்லும்போது 193-லும் 211-லும் வெளிச்சம் கூடி, அதே இடத்தில் 171-ல் குறைந்தால், அழுத்தப்பட்ட பிளாஸ்மா சூடேறியிருக்கிறது என்பது பொருள். நீங்கள் பார்ப்பது அழுத்த அலைதான் என்பதற்கு அது நல்ல சான்று. சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா-எல்1 இருக்க வேறு கலம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அதன் சூட் கருவி 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாவில் கீழ் அடுக்குகளைப் பார்க்கிறது. வெல்க் கருவி சூரிய வட்டை மறைத்துவிட்டு வெளிப்புறக் கொரோனாவைப் பார்க்கிறது. வட்டின் மேல் ஓடும் அலைக்கு எஸ்.டி.ஓ.வின் படங்களே பொருத்தமானவை.

படங்களை முதலில் சூரியப் படங்களைக் காட்டும் ஜே-ஹீலியோவியூவர் மென்பொருளில் ஓட விட்டுப் பாருங்கள். அளவீட்டுக்குச் சூரியத் தரவுக்கான பைத்தான் நிரல் நூலகமான சன்பையைப் பயன்படுத்துங்கள்.

அலைக்கு முன் விளிம்பை வரையுங்கள்

வெடிப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முந்தைய 193 படத்தில் துளையின் விளிம்பைக் குறித்துவிட வேண்டும். வட்டின் இடைநிலைப் பிரகாசத்தில் 35 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள இடங்களைத் துளை என்று கொள்ளும் முறை ஆய்வாளர்களிடையே வழக்கத்தில் உள்ளது. கருமையாகத் தெரிவதெல்லாம் துளை ஆகாது. காந்தப்புலம் தாங்கி நிற்கும் குளிர்ந்த பிளாஸ்மாவாகிய சூரிய இழைகளும் கருமையாகவே தெரியும். எஸ்.டி.ஓ.வின் மற்றொரு கருவியான ஹெச்.எம்.ஐ. எடுத்த காந்தப்புலப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துளையில் ஒரே முனைப்பு மேலோங்கி இருக்கும். இழை இரு முனைப்புகளுக்கும் இடையிலான எல்லைக்கோட்டின் மேல் கிடக்கும்.

கணினியில் விளிம்புக்கோடு வரைவதற்கு முன், கையால் ஒருமுறை வரைவதை நான் விடாமல் வலியுறுத்துகிறேன். ஜெராக்ஸ் கடையில் ஓ.எச்.பி. ஷீட் ஒன்று வாங்கி, மடிக்கணினித் திரையின் மேல் நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, மெல்லிய மார்க்கரால் துளையின் விளிம்பைக் கோடிடுங்கள். கோடிடும்போதுதான் விளிம்பு எந்த இடத்தில் கூர்மையாக இருக்கிறது, எந்த இடத்தில் விரல் அகலத்துக்கு மங்கிக் கரைகிறது, எங்கே சிறு வளையங்கள் வேலிபோல நிற்கின்றன என்பதெல்லாம் மனத்தில் பதியும். பிறகு அதே ஷீட்டை அப்படியே விட்டுவிட்டு, படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினால், அலைமுகம் உங்கள் மார்க்கர் கோட்டைத் தொடும் நொடி தானாகத் தெரிந்துவிடும்.

வேறுபாட்டுப் படங்களும் என் தவறும்

அலை மிக மங்கலானது. நேரடிப் படத்தில் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. ஆகவே ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கிறோம். வெடிப்புக்கு முந்தைய ஒரே படத்தை எல்லாவற்றிலிருந்தும் கழிப்பது அடிப்படை வேறுபாட்டுப் படம். ஒவ்வொரு படத்திலிருந்தும் அதற்குச் சற்று முந்தைய படத்தைக் கழிப்பது தொடர் வேறுபாட்டுப் படம். இரண்டாவது பளிச்சென்று இருக்கும், அதனால்தான் அது ஆபத்தானது.

நான் இந்த வேலையைத் தொடங்கிய ஆண்டில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து தொடர் வேறுபாட்டுப் படங்களை ஓட்டினேன். துளையைத் தொட்ட அலைமுகம் நின்றது. அடுத்த சில படங்களில் ஒரு வெண்மையான பட்டை துளையிலிருந்து திரும்பி நடந்து வந்தது. பிரதிபலிப்பைக் கண்டுவிட்டேன் என்று நண்பர்களுக்கு அன்றிரவே எழுதி அனுப்பினேன். மறுநாள் அதே தரவை அடிப்படை வேறுபாட்டுப் படங்களாக மாற்றியபோது அந்த வெண்பட்டையைக் காணவில்லை. அலை கடந்துபோன பின்னால் சற்று இருண்டிருந்த பகுதி பழைய பிரகாசத்துக்கு மீண்டுகொண்டிருந்தது, அவ்வளவே. ஓர் இடம் இருளிலிருந்து இயல்புக்குத் திரும்பினாலும், தொடர் வேறுபாட்டுப் படம் அதை வெளிச்சம் என்றே காட்டும். நண்பர்களுக்குத் திருத்தம் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் மனம் ஒப்பவில்லை.

இது தொடக்கநிலையாளருக்கு மட்டும் நேரும் சிக்கல் அன்று. 2007 மே 19 நிகழ்வில், ஸ்டீரியோ படங்களைக் கொண்டு, துளையிலிருந்து அலை பிரதிபலித்ததாகவும், திரும்பிய அலை நேரடி அலையைவிடப் பொதுவாக மெதுவாக இருந்ததாகவும் கோபால்சுவாமி தலைமையிலான குழு 2009-ல் எழுதியது. அதே தரவை அடிப்படை வேறுபாட்டு முறையில் ஆராய்ந்த அட்ரில், அந்தப் பிரதிபலிப்பு தொடர் வேறுபாட்டுப் படங்கள் உண்டாக்கிய மயக்கம் என்று 2010-ல் மறுத்தார். பிரதிபலிப்பு என்ற நிகழ்வே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை, பிற்காலத்து எஸ்.டி.ஓ. படங்களில் நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைத்தன. ஒரே வகைப் படத்தை வைத்து முடிவு எழுதக் கூடாது என்பதே நமக்குரிய பாடம்.

கழிப்பதற்கு முன் சூரியச் சுழற்சியைச் சரிசெய்வது கட்டாயம். நடுவட்டில் சூரியப் பரப்பு நொடிக்கு ஏறக்குறைய 2 கி.மீ. நகர்கிறது, ஒரு மணி நேரத்தில் 7,200 கி.மீ., அதாவது பதினாறு, பதினேழு படப்புள்ளிகள். இதைச் சரிசெய்யாமல் கழித்தால் ஒவ்வொரு பிரகாசமான வளையமும் ஒருபுறம் வெளுத்தும் மறுபுறம் கறுத்தும் தோன்றி, துளையின் விளிம்பையே பொய்யாக மின்னவைக்கும்.

தொலைவு-நேரப் படமும் சோதனைகளும்

வெடிப்பு மையத்திலிருந்து துளையின் வழியாகச் செல்லும் பெருவட்டப் பாதை (கோளப் பரப்பின் மேல் மிகக் குறுகிய வழி) ஒன்றைச் சூரியக் கோளத்தின் மேல் வரையுங்கள். தட்டையான படத்தில் நேர்கோடு வரைந்து அளந்தால் விளிம்புப் பகுதிகளில் தொலைவு குறைவாக வரும். சூரியப் பரப்பில் ஒரு பாகை 12,140 கி.மீ. அந்தப் பாதையில் உள்ள பிரகாசத்தை ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு நெடுங்கோடாக அடுக்கினால், அலை சாய்ந்த பட்டையாகத் தெரியும், சாய்வே வேகம். நிமிடத்துக்கு 1.6 பாகை ஏறினால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 320 கி.மீ. துளையின் விளிம்பைப் படுக்கைக் கோடாகக் குறித்துவிட்டு, பட்டை அங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் சாயும் புதிய பட்டை பிரதிபலிப்பாக இருக்கலாம். பட்டை கோட்டின் மேலேயே படுத்துவிட்டால் அது நிலைமுகம். அலை மோதிய விளிம்பிலேயே தங்கும் ஒளிக்கீற்று. இதை ஊடுருவல் இன்மை என்று அவசரப்பட்டு எழுதக் கூடாது.

துளைக்குள்ளே அலை தெரியாமல் போவதற்குக் காரணம் எளியது. கொரோனாவின் புற ஊதா ஒளிர்வு அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடர்த்தி மூன்றில் ஒன்றானால் ஒளிர்வு ஒன்பதில் ஒன்றாகிறது. எனவே உள்ளே தேடிக் களைப்பதைவிட, மறுகரையில் காத்திருந்து நேரம் பார்ப்பது நல்லது. மூன்று லட்சம் கிலோமீட்டர் அகலமுள்ள துளையை 1,090 கி.மீ. வேகத்தில் கடக்க நாலரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதே தொலைவை அமைதியான கொரோனாவில் 320 கி.மீ. வேகத்தில் கடக்க பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மறுகரையில் அலைமுகம் சுற்றி வந்த அலைக்கு முன்பே தோன்றினால், அது துளையின் ஊடாகவே வந்தது என்று சொல்ல வலுவான அடிப்படை கிடைக்கிறது. சுற்றி வந்த அலையோடு ஒரே நேரத்தில் தோன்றினால் அப்படிச் சொல்லாதீர்கள்.

பிரதிபலிப்புக்கு நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். திரும்பும் அலை அடிப்படை வேறுபாட்டுப் படத்திலும் தெரிகிறதா? அதன் பட்டையைப் பின்னோக்கி நீட்டினால், முதல் அலை விளிம்பைத் தொட்ட அதே நேரத்தில் அதே இடத்தை வந்தடைகிறதா? படுகோணமும் திரும்பிய கோணமும் அளவீட்டுப் பிழைக்குள் ஒத்துப்போகின்றனவா? மூன்றாவதற்குக் குறைந்தது நான்கைந்து பெருவட்டப் பாதைகளாவது வரைய வேண்டியிருக்கும். வேகம் குறைந்து திரும்புவதால் மட்டும் ஐயப்பட வேண்டாம். முதல் அலை வெடிப்பின் உந்துதலால் விரைந்து வருகிறது, திரும்பும் அலை வலு இழந்து அந்த இடத்துக்குரிய இயல்பான வேகத்தில் ஓடுகிறது. அதே நிகழ்வில் இரண்டாவது வெடிப்பு ஏதேனும் நடந்து தனி அலையை எழுப்பியதா என்பதையும், குறிப்பாகத் திரும்பும் அலை தாமதமாகக் கிளம்பியிருந்தால், தேடிப் பாருங்கள்.

இவ்வளவும் ஒத்துவந்தால், முதலில் போட்ட கணக்கைத் தலைகீழாகப் போடலாம். ஊடுருவல் நேரத்திலிருந்து துளைக்குள் இருந்த வேகத்தைக் கண்டுபிடித்து, அடர்த்திக்குப் பொருத்தமான மதிப்பு ஒன்றை வைத்தால், நேரடியாக அளக்க மிகக் கடினமான கொரோனாவின் காந்தப்புலம் மதிப்பீடாகக் கிடைத்துவிடும். அடர்த்தியை இருமடங்கு கூட்டியும் பாதியாகக் குறைத்தும் போட்டுப் பார்த்து, மூன்று விடைகளையும், நீங்கள் பயன்படுத்திய பாதைகளின் எண்களோடும் படங்களின் நேரங்களோடும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்து அதே நிகழ்வை எடுத்துப் பார்க்கிறவர் உங்கள் மார்க்கர் கோட்டை மறுபடியும் வரைய முடிகிற அளவுக்கு அந்தக் குறிப்பு இருக்க வேண்டும்.